ஒரே ஸ்வரம், ஆறு இடம்

கிதாரின் முதல் தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் ‘ஈ’ என்ற ஸ்வரம் கேட்கும். அதே ‘ஈ’, அதே ஸ்தாயியில், இரண்டாம் தந்தியின் 5ஆவது ஃப்ரெட்டிலும் (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பி) இருக்கிறது. மூன்றாம் தந்தியில் 9, நான்காவதில் 14, ஐந்தாவதில் 19. கிதாரில் 24 ஃப்ரெட் இருந்தால் ஆறாம் தந்தியின் கடைசியிலும் உண்டு. பியானோவில் இந்தத் தொல்லை கிடையாது. ஒரு ஸ்வரத்துக்கு ஒரே கட்டைதான்.

கிதார் சோலோவைக் காதால் கேட்டு எடுப்பவருக்கு வேலை இரட்டிப்பாவது இங்கேதான். என்ன ஸ்வரம் என்று கண்டுபிடித்த பிறகும், வாசித்தவர் அதை எங்கே வைத்து வாசித்தார் என்று துப்புத் துலக்க வேண்டும். நிமிடத்துக்கு 200 தட்டு, தட்டுக்கு நான்கு ஸ்வரம் என்றால் ஒரு விநாடிக்குள் 13 ஸ்வரங்கள் பறந்துவிடும். ஜாஸும் ராக்கும் கலந்த ஃப்யூஷன் இசையில் இது அதிசயமான வேகம்கூட இல்லை.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். எந்தத் தந்தி, எத்தனையாவது ஃப்ரெட் என்று எண்களால் எழுதித்தரும் டேப்லேச்சர், பாட்டின் பெயரைத் தட்டினால் கைபேசியில் வந்து விழுகிறது. எண்ணைப் பார்த்து விரலை வைத்தால் சோலோ வந்துவிடும். வரத்தான் செய்கிறது. ஆனால் அப்படி நாற்பது சோலோ கற்றவர் முன்னால் யாராவது ஒரு புதிய மெட்டை முணுமுணுத்து, “இதை வாசி, பார்க்கலாம்” என்றால் கை திகைத்து நின்றுவிடும். கண் படித்தது, விரல் பழகியது, காது தூங்கியது.

ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த்தை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் 1946இல் பிறந்து, 2017இல் கலிஃபோர்னியாவில் மறைந்தவர். ஜான் கோல்ட்ரேனைப் போல சாக்ஸஃபோன் ஊத வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. கைக்கு வந்ததோ கிதார். வேறு வழியில்லாமல் கிதாரையே ஊதுகருவியாக்கினார். மீட்டப் பயன்படும் பிக், தந்தியில் படும் ‘டக்’ ஓசையைக் கூடிய மட்டும் ஒழித்துவிட்டு, பெரும்பாலும் இடக்கை விரல்களால் தட்டியே ஸ்வரங்களை வழியவிட்டார். கேட்பதற்கு எண்ணெய் ஒழுக்கு. எழுதி எடுக்க உட்கார்ந்தவருக்கோ பிடிமானமே இல்லை. தந்தி மாறும் இடத்தைப் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது அந்த ‘டக்’தானே!

1985இல் வெளிவந்த ‘மெட்டல் ஃபட்டீக்’ ஆல்பத்தில் ‘டெவில் டேக் த ஹைண்ட்மோஸ்ட்’ என்றொரு பாட்டு. அதன் சோலோவோடு மல்லுக்கட்டியவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். வேகமாக வாசிக்கும் கிதார்காரர்கள் வழக்கமாகத் தந்திக்கு மூன்று ஸ்வரம் என்று கை வைப்பார்கள். ஹோல்ட்ஸ்வொர்த் நீண்ட விரல்களை அகல விரித்து நான்கு வைப்பார். இது தெரியாமல் மூன்று மூன்றாகப் பிரித்தால், ஸ்வரமெல்லாம் சரியாக இருந்தும் ஓட்டம் இடறும். அப்போது கைகொடுப்பது தொனி. அதே ‘ஈ’ மெல்லிய தந்தியில் பளிச்சென்று கேட்கும். தடித்த தந்தியின் மேற்கோடியில் கொஞ்சம் மழுங்கி, உருண்டு கேட்கும். இந்த வித்தியாசத்தைக் காது பிடிக்க வாரக்கணக்கில் ஆகலாம். பிடித்துவிட்டால் பிறகு எந்தப் பாட்டுக்கும் அது உதவும்.

பாடப்புத்தக ஸ்கேல்களை வைத்து ஊகிக்கவும் அவர் இடம் தரவில்லை. ஸ்வரங்களை மாற்றி மாற்றி அடுக்கிக் கணக்குப் போட்டே தமக்கான வரிசைகளை அவர் கண்டடைந்தார். வேங்கடமகியின் 72 மேளங்களை அறிந்தவர்களுக்கு இந்தக் கிறுக்கு அந்நியமாகத் தெரியாது.

வேகத்தைக் குறைத்துக் கேட்பது ஏமாற்று வேலை என்பார்கள் சிலர். அதில் நியாயம் இல்லை. அந்தக் காலத்தில் 33⅓ சுழற்சி இசைத்தட்டை 16⅔ சுழற்சியில் ஓட்டிக் கேட்டவர்கள் உண்டு. வேகம் சரிபாதியாகும், கூடவே சுருதியும் ஒரு ஸ்தாயி இறங்கி, கிதார் பாஸ் கிதார்போல முனகும். இன்றைய மென்பொருள்கள் சுருதியைத் தொடாமல் வேகத்தை மட்டும் குறைக்கின்றன. டிரம்ஸையும் பாஸையும் தனியே உரித்தெடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. தாராளமாகப் பயன்படுத்தட்டும். பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பவரைப் படிக்கத் தெரியாதவர் என்று யாரும் சொல்வதில்லை. படித்துச் சொல்ல ஆள் வைத்துக்கொள்வதுதான் வேறு சங்கதி.

கேள்வி ஞானம் என்று நாம் சொல்வதற்கு ஜாஸ் உலகிலும் பெரிய மரியாதை உண்டு. பார்வையற்ற பியானோ கலைஞர் லென்னி டிரிஸ்டானோ, லெஸ்டர் யங்கின் சோலோக்களை மாணவர்கள் முதலில் வாயால் பாடிக்காட்ட வேண்டும் என்பார். வாத்தியத்தைத் தொடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். கிதார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரிக்கு இசைக்குறிப்பு படிக்கவே தெரியாது. சார்லி கிறிஸ்டியனின் சோலோக்களை இசைத்தட்டில் கேட்டுக் கேட்டு அப்படியே எடுத்தார். அவற்றை வாசித்துத்தான் மேடைக்கும் வந்தார்.

கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் இன்னும் ஒரு படி போனார். ‘மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா’வால் புகழின் உச்சியில் இருந்தவர், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கர்நாடக இசை அறிஞர் எஸ்.ராமநாதனிடம் மாணவராக உட்கார்ந்து வீணை கற்றார். பிறகு வயலின் எல்.சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், தபலா ஜாகிர் உசேன் ஆகியோருடன் ‘சக்தி’. அந்தக் குழுவுக்காக அவர் செய்துகொண்ட கிதாரில் ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருந்தார்கள், வீணையைப் போலத் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்க. அந்த இழுப்பை எண்களில் எப்படி எழுதுவது? ‘7’ என்று எழுதினால் விரலின் இடம் தெரியும். அது எங்கிருந்து எழும்பி எங்கே போய் நின்றது என்பது தெரியாது.

தாளத்தில் தமிழ்க் காதுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. ஃப்யூஷன் சோலோ ஐந்து ஐந்தாக ஓடும்போது மேற்கத்திய மாணவர் விரல்விட்டு எண்ணித் தடுமாறுவார்; ‘ததிகிணதொம்’ தெரிந்தவருக்கு அது வாயிலேயே வந்துவிடும். மெக்லாஃப்லினே கஞ்சிரா கலைஞர் செல்வகணேஷுடன் சேர்ந்து, இப்படி வாயால் தாளம் சொல்லும் கொன்னக்கோலை 2007இல் கற்றுத்தரும் காணொளிப் பாடத்தை வெளியிட்டார்.

எழுதி வைப்பதே வீண் என்று இதற்குப் பொருளில்லை. எழுதியவருக்குக் கிடைத்தது படிப்பவருக்கு முழுதாகக் கிடைக்காது, அவ்வளவுதான். பெர்க்லீ இசைக் கல்லூரி மாணவராக இருந்த ஸ்டீவ் வை, ஃபிராங்க் ஜாப்பாவின் ‘தி பிளாக் பேஜ்’ இசையைக் கேட்டு எழுதி ஜாப்பாவுக்கே அனுப்பினார். அவருடைய கிதார் சோலோக்களை எழுதித்தரும் வேலை கிடைத்தது. பேச்சுப்போலத் தாளத்துக்குள் அடங்காமல் திமிறும் சோலோக்கள் அவை. வை எழுதியவை 1982இல் தடித்த புத்தகமாக வந்தன. இன்றும் யாரும் வாங்கலாம். ஆனால் அந்தப் பக்கங்களை எழுதிய பையனைத்தான் ஜாப்பா 1980இல் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். புத்தகம் வந்த அதே ஆண்டில் வெளியான ஜாப்பாவின் ஆல்பம் ஒன்றின் உறையில், வையின் பெயருக்கு எதிரே அவர் வாசித்தது என்னவென்று அச்சிட்டிருந்தார்கள்: ‘வாசிக்கவே முடியாத கிதார் பகுதிகள்’.