பனிக்காலத் தனிநடையும் ஹிராவின் ஒழுங்கும்



மார்கழி, தை மாதங்களில் நல்லம்பள்ளியில் சூரியன் உதிக்க 6.30 மணிக்கு மேலாகிவிடுகிறது. ஸுப்ஹுத் தொழுகை முடிந்து பள்ளியைவிட்டு வெளியே வந்தால், தொப்பூர்ப் பக்கத்துக் குன்றுகள் பனிமூட்டத்துள் மறைந்திருக்கும். காஷ்மீரில் தேவதாரு மரங்களை மூடும் வெண்பனியையும், நம் கொல்லைகளின் மேல் தவழும் இந்த ஈரப்புகையையும் தமிழ் 'பனி' என்ற ஒரே சொல்லால் அழைக்கிறது. இரண்டுமே தொலைவை அழித்துவிட்டு, நடப்பவனுக்கு முன்னால் சில அடிகளை மட்டும் விட்டுவைக்கின்றன.

அந்தச் சில அடிகளுக்குள் தனியாக நடந்துவர இளைஞர் சிலர் விரும்புகின்றனர். வத்தல்மலை ஏற நினைப்பவரும் உண்டு. சேமித்த பணத்தில் இமயத்துப் பனிக்காடுகளுக்குப் புறப்பட நினைப்பவரும் உண்டு. பெரியவர்கள் இதனை வீண்வேலை என்று ஒதுக்குகின்றனர். அவர்களின் கவலை நியாயமானது. ஆயினும் தீர்ப்பு நியாயமானதாக எனக்குத் தோன்றவில்லை.

வஹீ இறங்குவதற்கு முன் நபி (ஸல்) அவர்களுக்குத் தனிமை விருப்பமானதாக ஆக்கப்பட்டதையும், ஹிராக் குகையில் அவர்கள் பல இரவுகள் தங்கி வணங்கியதையும் நாம் அறிவோம். புகாரியில் இடம்பெறும் அதே அறிவிப்பின் மற்றொரு பகுதியை மட்டும் ஏனோ விரைந்து கடந்துவிடுகிறோம். அவர்கள் உணவு எடுத்துக்கொண்டு சென்றார்கள். தீர்ந்ததும் கதீஜா (ரலி) அவர்களிடம் திரும்பி வந்து, மீண்டும் பெற்றுச் சென்றார்கள். எங்கே இருக்கிறார்கள் என்பது வீட்டுக்குத் தெரிந்திருந்தது. தனித்திருப்பது வேறு, காணாமற்போவது வேறு. கைப்பேசியை அணைத்துவிட்டு, எவரிடமும் சொல்லாமல் மலையேறுவதைச் 'சுதந்திரம்' என்று பெருமை பேசுவோருக்கு இந்த அறிவிப்பில் இடமில்லை.

இரவில் தனியே பயணம் செய்வதிலுள்ள ஆபத்தையும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் அதற்கு விளக்கவுரை தேவையில்லை. குளிர்காலத்தில்தான் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைகள் இப்பக்கம் வருகின்றன. ராகி விளையும் காலமும் அதுவே. மூடுபனியில் நின்றுகொண்டிருக்கும் யானை, மிக நெருங்கிய பின்னரே கண்ணுக்குத் தெரியும்.

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம் என்பதும் பலருக்கு நினைவிருப்பதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியோர் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகு மலையேற்றத்துக்கான விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை வழிகாட்டிகளுடன் திறந்தது. வழிகாட்டி உடன் வந்தால் தனிமை கெட்டுவிடுமே என்பார்கள். அவர் பத்தடி முன்னால் நடக்கட்டும். வாய்பேசாமல் பின்தொடர யார் தடுக்கிறார்கள்?

இன்னொரு வகைத் தவறான வீரமும் உண்டு. உறைய வைக்கும் குளிரிலும் குளிர்ந்த நீரில் குளித்துத் தொழுவதே ஈமானின் அடையாளம் என்று சிலர் எண்ணுகின்றனர். தாத்துஸ் ஸலாசில் படையெடுப்பின்போது அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் கடுங்குளிர் இரவில் குளிப்புக் கடமையாயிற்று. குளித்தால் உயிர் போய்விடும் என்று அஞ்சிய அவர்கள், தயம்மும் செய்து தோழர்களுக்குத் தொழுகை நடத்தினார்கள். விவரம் கேட்ட நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்கள். கண்டித்து எதுவும் சொல்லவில்லை. அபூதாவூதில் உள்ள இந்தச் செய்தியைப் பனிமலைக்குப் புறப்படும் எவரும் அறிந்திருப்பது நல்லது. தோலுறையின் மீது மஸஹ் செய்வதற்கு ஊரில் இருப்போருக்கு ஒரு பகலும் ஓர் இரவும், பயணிக்கு மூன்று பகல்களும் மூன்று இரவுகளும் அனுமதி உண்டு. சலுகையை மறுத்து உடலை வருத்திக்கொள்வதில் தனிச்சிறப்பு ஏதுமில்லை.

இவ்வளவும் ஆண்களைப் பற்றியே எழுதிவிட்டேன், ஏனெனில் இந்த விவாதம் அவர்களைச் சுற்றியே நடக்கிறது. மகன் மலைக்குப் போகலாமா என்று வீட்டுக்கூடத்தில் வாதிடும்போது, அதிகாலை நான்கு மணியிலிருந்து அடுப்படியில் நிற்கும் தாய்க்கு எப்போது தனிமை கிடைத்தது என்று எவரும் கேட்பதில்லை. வாரத்தில் ஒருநாள் காலை அடுப்பை ஆண்கள் ஏற்றுக்கொண்டால், வெயில் ஏறுமுன் அவரும் ஊர் எல்லைவரை நிதானமாக நடந்துவரலாம். அதற்கு வனத்துறையின் அனுமதி தேவைப்படாது.