கத்தி கொல்லாது, படுக்கை கொல்லும்

“வயசான கட்டை, கத்தியெல்லாம் தாங்காது. கட்டுப் போட்டு மூணு மாசம் படுக்க வையி, தன்னால கூடிரும்.” எழுபதைத் தாண்டியவர் இடுப்பை ஒடித்துக்கொண்டால் புதுக்கோட்டைப் பக்கத்துக் குடுமியான்மலையானாலும் சென்னையானாலும் முதலில் வந்து விழும் யோசனை இதுதான். அக்கறையோடு சொல்லப்படுவதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. மறுத்தே ஆக வேண்டும்.

தொடை எலும்பின் உச்சியில் பந்து போன்ற தலை, அதற்குக் கீழே கழுத்து. தலைக்குப் போகும் ரத்தம் பெரும்பாலும் கழுத்தை ஒட்டி ஏறும் மெல்லிய நாளங்களில்தான் போகிறது. கழுத்து முறிந்து விலகினால் நாளங்களும் பெரும்பாலும் அறுந்துபோகும். கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கும். ரத்தம் வராத எலும்பு எதைக் கொண்டு கூடும்? பச்சிலை வைத்து எவ்வளவு இறுக்கினாலும் அந்த ஆழத்தைக் கட்டு எட்டாது. கட்டுப் போட்டுக் கை எலும்பு கூடியவர்கள் ஊரில் இருக்கலாம். அது இடுப்புக்குச் சாட்சி ஆகாது.

கழுத்துக்குக் கீழே முறிந்தால் எலும்பு கூடும் என்பது உண்மை. ஆனால் கூடும்வரை ஆள் படுத்தே கிடக்க வேண்டும். முதுகில் புண், நெஞ்சில் சளி கட்டி நிமோனியா, காலில் உறைந்த ரத்தம் நுரையீரலில் போய் அடைப்பது என ஒவ்வொன்றாக வரும். கடைசியில் பழி வயதின் மேல் விழும், படுக்கை தப்பித்துக்கொள்ளும்.

தாங்காது என்பதற்கு ஆதாரம் என்ன? இந்தியா உட்பட 17 நாடுகளில் இடுப்பு முறிந்த 2,970 பேரிடம் நடந்து, 2020இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வில் நோயாளிகளின் சராசரி வயது 79. ஒரு பிரிவினருக்குச் சுமார் 6 மணி நேரத்தில் அறுவை, மற்றவர்களுக்கு ஒரு நாள் கழித்து. இரு பிரிவிலும் பத்துக்கு ஒன்பது பேர் 90 நாள்களைத் தாண்டினார்கள். சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்கள் சீக்கிரம் எழுந்து நின்றார்கள், மனக்குழப்பமும் குறைவு. அப்போதைய பிரிட்டன் ராணியின் தாயாருக்கு 1998இல் 97 வயதில் இடுப்பு மூட்டு மாற்றப்பட்டது. அவர் 101 வயதுவரை இருந்தார். தெலங்கானாவின் முன்னாள் முதல்வர் கே. சந்திரசேகர ராவ் 2023 டிசம்பரில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். மறுநாளே அறுவை நடந்தது. அறுவையே வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்லும் நிலையில் சிலர் இருப்பார்கள். ஆனால் அதை முடிவுசெய்வது வயது மட்டும் அல்ல.

குடும்பம் உட்கார்ந்து விவாதிக்க வேண்டியது வேறு: மூட்டு மாற்றுவதென்றால் எந்த வழியாகத் திறப்பது? பின்பக்க வழியில் நடைக்குத் தேவையான பிட்டத் தசை தப்பும். மூட்டு நழுவும் அபாயம் கூடும். பக்கவாட்டு வழியில் நழுவுவது குறைவு. அந்தத் தசையைப் பிரிப்பதால் சிலருக்கு நடை விந்தும். முன்பக்க வழி தசைகளின் இடைவெளியில் நுழைகிறது, ஆரம்ப வலி குறையலாம். பழகாத கையில் தொடை எலும்பு விரிசல் விடலாம், தொடை மரத்துப்போகலாம். பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2011 வழிகாட்டியில், பாதி மூட்டு (தொடை எலும்பின் தலை மட்டும்) பொருத்தும்போது பின்பக்கத்தைவிட முன்-பக்கவாட்டு வழியைப் பரிசீலிக்கச் சொன்னது.

குத்துக்காலிட்டுக் களை பறித்து, தரையில் அமர்ந்து சாப்பிட்டே பழகிய உடம்புக்கு இந்த வழித் தேர்வு சின்ன விஷயமில்லை. பின்பக்க வழியில் பொருத்திய மூட்டு, இடுப்பை ஆழமாக மடக்கிக் காலை உள்ளே திருப்பும்போதுதான் பெரும்பாலும் நழுவும். தரையோடு பதித்த கழிப்பறைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அந்த ஆபத்து உண்டு.

செலவு கூடினால் மூட்டு சிறக்கும் என்பதும் செல்லாது. செலவு கூடிய முழு மூட்டையும் பாதி மூட்டையும் 1,495 பேரிடம் ஒப்பிட்ட 2019ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குள் மறு அறுவை தேவைப்பட்டவர்கள் முறையே 7.9, 8.3 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை.

குடுமியான்மலையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டில் மூட்டு மாற்று அறுவையும் உண்டு. அங்கே கேட்க வேண்டியவை மூன்று: எந்த வழி, அந்த வழியில் மருத்துவருக்கு எவ்வளவு பழக்கம், எந்த நாளில் எழுப்பி நிற்க வைப்பார்கள். உயரமான நாற்காலியும் கமோடு ஸ்டூலும் ஆள் வீடு திரும்புவதற்கு முன்பே வந்துவிட வேண்டும்.