மாண்ட்ரியல் ஓட்டமும் மாந்தர் தீர்ப்பும்

விளையாட்டுக் களத்திலே குலமும் நிறமும் இல்லை எனப் பலர் கூறுவர். இக்கூற்றுப் பாதியே மெய் என்பது எம் கருத்து. களத்தினுள் நிகழ்வது வேறு. களத்தின் வாயிலில் நிகழ்வது வேறு. உலகச் சைக்கிள் பந்தயங்களின் தொடக்க கால வரலாறு இதற்குச் சான்று பகரும்.

சர்வதேசச் சைக்கிளோட்டச் சங்கம் 1892-ஆம் ஆண்டிலே தோன்றி, மறு ஆண்டே சிக்காகோவில் முதல் உலகப் போட்டிகளை நடத்திற்று. 1899-இல் அப்போட்டிகள் கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரில் நிகழ்ந்தன. அங்கே ஒரு மைல் விரைவோட்டத்தில், மேஜர் டெய்லர் என்னும் இருபது வயது இளைஞர், டாம் பட்லர் முதலானோரை முந்தி வாகை சூடினார். அவர் அமெரிக்கக் கறுப்பர் இனத்தவர். சைக்கிளோட்டத்தில் உலகப் பட்டம் எய்திய முதற் கறுப்பரும் அவரே. எல்லைக் கோடு முந்தி வந்த சக்கரத்தை நோக்கிற்றேயன்றி, அதனை மிதித்தவரின் நிறத்தை நோக்கவில்லை.

மாந்தர் தீர்ப்போ அவ்வாறு அமையவில்லை. வெள்ளையரல்லாதார் உறுப்பினராதல் கூடாதென அமெரிக்கச் சைக்கிளோட்டிகளின் கழகம் 1894-இலேயே விதி செய்திருந்தது. 1897-இல் ஒரு பந்தயம் முடிந்தபின், வெள்ளை வீரர் ஒருவர் டெய்லரின் கழுத்தை நெரித்து அவரை நினைவிழக்கச் செய்தார்.

டெய்லர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட மறுத்தவர் என்பதைக் கிறிஸ்தவ அன்பர்கள் விதந்து பேசுவர். 1901-இல் ஐரோப்பா சென்ற காலத்தும், பொருள் இழப்பைப் பொருட்படுத்தாது அவ்விரதம் காத்தார். அது போற்றத்தக்கதே. ஆயினும், ஓய்வுநாளைக் காத்தவரைப் போற்றிவிட்டு, அவருடைய இனத்தார்க்கு வாயிலை அடைத்தோரை மறந்துவிடுதல் முறையாகுமோ? அடைத்தோரும் நம் வேதத்தையே ஓதிய நாட்டினர் அன்றோ? ஆலயத்தில் யாவரும் உடன்பிறந்தார் எனப் பாடிவிட்டு, வெளியே வந்து வேலியிடுவோரின் வழிபாடு வெற்றொலியே என்போம்.

டெய்லர் 1932-இல் சிக்காகோவில் வறியராய் இறந்தார். அக்கழகம் தன் பழைய விதியைத் தவறென முறைப்படி விலக்கியது 1999-இல்; மாண்ட்ரியல் வெற்றிக்கு நூறாண்டு கழிந்த பின்னர்! ஓட்டக்களம் ஒரு பொழுதிற் கூறிய தீர்ப்பை ஏற்க மனிதர்க்கு ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது.

ஏட்டில் எழுதப்பட்ட விதியையேனும் பின்னர் அழித்தல் கூடும். எழுதாமலே விலக்கும் வழக்கமோ அதனினும் கொடிது. அழிப்பதற்கு அதற்கு எழுத்தில்லை. ஆதலின் மாணவ நண்பர்களே, குழுவிற்கு ஆள் தெரியும்போதும், விடுதியில் ஒருங்கிருந்து உண்ணும்போதும், யாவர் வென்றார் என வினவுமுன், யாவரை அழையாது விட்டோம் என நம்மை நாமே வினவுவோமாக.