எரிதலும் வெடித்தலும்

எரிதல் வேறு, வெடித்தல் வேறு என்பதை வெம்பக்கோட்டையில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிள் இன்ஜினுக்குள் பெட்ரோல் சீராக எரிய வேண்டும். பிளக்கின் பொறியிலிருந்து சுடர் பரவி வருமுன் மீதிக் கலவை தானாகவே வெடித்துவிட்டால், மேடேறுகையில் 'டிக் டிக்' என்று தட்டும். நாக்கிங் என்பது இதுதான்.

ஆக்டேன் குறைந்த பெட்ரோல், படிந்த கரி, பொருந்தாத பிளக், முந்திய டைமிங், மிகுந்த சூடு எனக் காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கலாம். கவனியாது விட்டால் பிஸ்டனே சேதமாகும்.

ஆனால் சர்வீஸ் சென்டரில், "இந்த வண்டி இப்படித்தான் சார்" என்கிறார்கள். அது விடையன்று. எதைச் சோதித்தார்கள், என்ன கண்டார்கள் என்று ஜாப் கார்டில் எழுதித் தரவேண்டும். நாமும் கேட்டு வாங்கவேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். அங்கே அந்தத் தாளே சான்று.

மத்தாப்பு வெடித்தால் செய்தவரைக் கேட்கிறோம். இன்ஜினுக்கும் அதே நியாயம்தானே?