வீட்டோடு மலையேறி வரும் வாடிக்கையாளர்

சுற்றுலாப் பயணி என்றாலே அவர் லாட்ஜுக்கும் ஓட்டலுக்கும் உரியவர், மளிகைக் கடைக்காரருக்கு அவரால் பெரிய லாபம் ஒன்றுமில்லை என்ற எண்ணம் நம் வணிகர்களிடையே நெடுநாளாக இருந்து வருகிறது. சீசன் நாட்களில் ரோட்டில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். நம் கடைக்குள் வருபவரோ வர்க்கி ஒரு பாக்கெட், தேயிலைத்தூள் கால் கிலோ, தைலம் ஒரு சீசா என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார். நெரிசல் நமக்கு, வருமானம் வேறொருவருக்கு என்பதே நிலைமை.

இந்த நிலையை மாற்றக்கூடிய ஒரு வாடிக்கையாளர் இப்போது மலையேறி வருகிறார். படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே அமைத்த 'கேரவன்' என்னும் வாகனத்தில் குடும்பத்தோடு வருபவர் அவர். பெயர்தான் புதிது, வழக்கம் நமக்குப் பழையது. வேனில் ஸ்டவ்வும் அண்டாவும் ஏற்றிக்கொண்டு, வழியில் நிழல் கண்ட இடத்தில் சமைத்துச் சாப்பிட்டுப் போகும் குடும்பங்களை நாம் எத்தனையோ பார்த்திருக்கிறோம். இன்னும் பின்னே போனால், 1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் இந்த மலைக்கு ஏறி வந்து சேர்ந்ததே நம் கோத்தகிரியை அடுத்த திம்பட்டிக்குத்தான். கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இன்றும் நிற்கிறது. சாமான்களோடு வந்து முகாம் போடுவது இந்த ஊரில் இருநூறு வருடப் பழக்கம்.

இதை நாம் இப்போது பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6000, வார இறுதியில் 8000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் வந்தது. அதை எதிர்த்து 2025 ஏப்ரல் 2 அன்று மாவட்டம் முழுவதும் கடையடைப்பு நடந்ததை நாம் அறிவோம். வரம்பு நியாயமா இல்லையா என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். வண்டிகளின் எண்ணிக்கை நம் கையில் இல்லாதபோது, வருகிற ஒவ்வொரு வண்டியாலும் ஊருக்கு என்ன வரவு என்று பார்ப்பதே வியாபாரியின் புத்தி.

கணக்கைப் பாருங்கள். காலையில் கோடநாடு காட்சிமுனைக்குப் போய், மாலையில் மேட்டுப்பாளையம் இறங்கிவிடும் கார் நமக்குத் தருவது ஒரு டீக்காசு. ஐந்து பேர் கொண்ட குடும்பம் வண்டியிலேயே மூன்று நாள் தங்கிச் சமைத்தால் அரிசி, பருப்பு, எண்ணெய், பால், காய்கறி, சோப்பு, தீப்பெட்டி வரை வாங்கியே தீர வேண்டும். ஓட்டலுக்குப் போகும் பணம் நம் கல்லாவுக்கு வரும்.

ஆனால் இன்று அது வருகிறதா? பயணத்துக்குத் திட்டமிடுபவர் கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ பத்து நாள் சரக்கையும் ஏற்றிக்கொள்கிறார். மலை மேல் எல்லாம் விலை அதிகம், நினைத்தது கிடைக்காது என்பது அவர் மனதில் ஊன்றிய எண்ணம். முடிவில் பணம் கீழே, குப்பை மட்டும் மேலே!

அடுத்த கேள்வி, அந்த வண்டி இரவில் எங்கே நிற்பது என்பது. கோடநாட்டிலிருந்து குனிந்து பார்த்தால் மாயாறும் தெங்குமரஹடாவும் தெரியும். அந்த ஆற்றோரத்தில் ஒரு ராத்திரி தங்கினால் என்ன என்று எவருக்கும் தோன்றத்தான் செய்யும். அது புலியும் யானையும் நடமாடும் காடு. அனுமதியின்றி நுழைவதே குற்றம். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் கூடாரத்தில் தங்க வந்த பெண்மணி ஒருவரை யானை தாக்கிக் கொன்றது. நம் மாவட்டத்திலேயே சீகூர் பகுதி யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளுக்கு 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி சீல் வைக்கப்பட்டது. 2020 அக்டோபரில் அந்த வழித்தடத்தை உறுதி செய்து தீர்ப்பும் வந்தது. விடுதி மூடினால் அதை நம்பிய கடையும் படுத்துவிடும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே 'காட்டையும் கரையையும் திறந்துவிடுங்கள், வியாபாரம் நடக்கட்டும்' என்று நம்மில் எவரும் பேசக்கூடாது. நான்கு நாள் லாபத்துக்காக நிரந்தரப் பூட்டை நாமே வாங்குவதாகிவிடும்.

நாம் கேட்க வேண்டியது வேறு. ஊரை ஒட்டி, காட்டுக்கும் ஓடைக்கும் தள்ளி, சரிவில்லாத ஓர் இடத்தில் பத்து வண்டிகள் நிற்க வசதி வேண்டும். குடிநீர், மின் இணைப்பு, இரவுக் காவல், எல்லாவற்றுக்கும் மேலாக வண்டியின் கழிவுத் தொட்டியை முறையாகக் காலி செய்ய ஏற்பாடு வேண்டும். கட்டணம் வசூலிக்கட்டும், தவறில்லை. இப்படி ஓர் இடம் இல்லாவிட்டால் அந்தத் தொட்டி எங்காவது ஓடையில்தான் திறக்கப்படும். நம் ஓடைகள் பவானிக்கும் மாயாற்றுக்கும் போகின்றன; இரண்டும் சேருமிடம் பவானிசாகர். கீழே அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் நமக்குச் சரக்கு அனுப்பும் ஊர்க்காரர்கள் என்பதை மறந்துவிடலாகாது.

இது நடக்காத காரியமும் அல்ல. கேரளத்தில் மலையூரான வாகமனில் 2022 பிப்ரவரியிலேயே கேரவன் பூங்கா திறக்கப்பட்டுவிட்டது. தமிழக அரசு 2023இல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் தரப்பட்டிருக்கிறது. கேட்பதற்கு ஆள்தான் வேண்டும்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் உதகை நனையும்போது தொட்டபெட்டா மலைத்தொடரின் மறைவில் இருக்கும் கோத்தகிரியில் மழை குறைவு. ஏப்ரல், மே நெரிசலுக்குப் பின் நம் கடைகள் ஈயோட்டும் அந்த மாதங்களே கேரவன் குடும்பங்களுக்கு ஏற்றவை. அக்டோபர், நவம்பர் மட்டும் வேண்டவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை நம் பக்கத்துச் சரிவுகளில்தான் வலுவாக இறங்கும். 2009 நவம்பரில் மழையும் மண்சரிவும் சேர்ந்து மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போனதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

அரசிடம் கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. கடையளவில் நாம் செய்யக்கூடியவை பல உண்டு. விலைப்பட்டியலை வாசலில் எழுதி வைப்போம். அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் அந்தக் குடும்பம் அடுத்த முறை கீழேயே சரக்கு ஏற்றிவிடும். அரிசி, பருப்பை அரைக் கிலோ, ஒரு கிலோ என்று காகிதப் பையில் கட்டித் தயாராக வைப்போம். அடையாள அட்டை காட்டி வாங்கக்கூடிய ஐந்து கிலோ காஸ் சிலிண்டரை மளிகைக் கடைகளிலும் விற்க எண்ணெய் நிறுவனங்கள் வழி செய்திருக்கின்றன, விநியோகஸ்தரிடம் விசாரிக்கலாம். தடை செய்த பிளாஸ்டிக்கை யார் கேட்டாலும் இல்லை என்போம். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்று 2022இல் நீலகிரி மதுக்கடைகளில் தொடங்கிய திட்டத்தால் பாட்டில்கள் கடைக்குத் திரும்பி வந்தன. எண்ணெய், தேன் பாட்டில்களுக்கு அதே முறையை நாமும் கையாளலாம்.

இன்னொன்று, செலவில்லாதது. கொண்டை ஊசி வளைவுகளில் பெரிய வண்டி திணறும், சிறிய வண்டியே நல்லது. இறங்கும்போது பிரேக்கையே நம்பாமல் இரண்டாவது கியரில் இறங்க வேண்டும். மிச்சச் சாப்பாட்டை வெளியே வைத்தால் கரடி வரும். இவற்றைச் சரக்குக் கட்டிக் கொடுக்கும்போதே சொல்லிவிடலாம். எண்ணெய்க்கும் வெல்லத்துக்கும் கடைக்கதவை உடைக்கும் கரடியைப் பற்றி நம்மைவிட யார் நன்றாகச் சொல்ல முடியும்?

அடுத்த சீசனுக்குள் இடம் கேட்டு மனுக் கொடுப்பதா, எந்தெந்தக் கடைகள் விலைப்பட்டியல் வைக்கச் சம்மதிக்கின்றன என்ற இரண்டையும் சங்கத்தின் வரும் கூட்டத்தில் பேசி முடிவெடுக்கலாம். உறுப்பினர்கள் தத்தம் கருத்தோடு வர வேண்டுகிறோம்.