பங்குதாரராம் பங்குதாரர்!

அலாஸ்காவுக்குப் போய் ஒரு சீசன் சால்மன் பிடித்தால் காலேஜ் ஃபீஸுக்குப் பணம் சேர்ந்துவிடும் என்று அமெரிக்க மாணவர்களிடம் ஒரு பேச்சு உண்டு. சேர்த்தவர்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பேச்சில் வரவு மட்டும்தான் இருக்கும், செலவுப் பக்கம் இருக்காது.

சாக்கை சால்மனுக்குப் பேர்போன பிரிஸ்டல் பேயை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதிக்குள் முக்கால்வாசி மீனும் வந்து போய்விடும். படகு 32 அடிக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். அதற்குள் கேப்டனோடு சேர்த்து மூன்று நாலு பேர். மீன்பிடிக்க அனுமதி நேரம் அறிவித்துவிட்டால் ராத்திரி பகல் கிடையாது. (அந்த மாதத்தில் அங்கே இருட்டுவதே கொஞ்ச நேரம்தான், அதுவும் முதலாளிக்கு வசதி!) 900 அடி வலையில் செவுள் மாட்டிக் கிடக்கும் மீனை ஒவ்வொன்றாகக் கையால் கழற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கண்ணயர்ந்து எழுந்தால் வீங்கிய விரல்கள் மடங்காது.

இதற்குச் சம்பளம்? கிடையாது... பங்கு! புதிதாக வருபவருக்குச் சுமார் பத்து சதவீதம். டீசல், சாப்பாட்டுச் செலவிலும் பெரும்பாலும் அவர் தலையில் ஒரு பகுதி விழும். குறைந்தபட்சக் கூலி, ஓவர்டைம் சட்டங்கள் மீன்பிடிப்பவர்களுக்குப் பொருந்தாது என்று அமெரிக்க அரசே விலக்கு கொடுத்து வைத்திருக்கிறது.

கேட்டால், 'நீயும் பங்குதாரர் மாதிரிதானே' என்பார்கள். நல்ல கூத்து! பங்குதாரர் என்றால் கணக்கைப் பார்க்கலாம், முடிவெடுப்பதில் வாய் திறக்கலாம். இவருக்குப் படகில் உரிமை இல்லை, ஒரு லட்சம் டாலரைத் தாண்டி விற்கப்பட்டிருக்கும் பெர்மிட்டிலும் இல்லை. நட்டம் வந்தால் மட்டும் பங்கு உண்டு.

இதைவிடக் கொடுமை விலை. மீனைக் கம்பெனிக்குக் கொடுக்கும்போது என்ன விலை என்றே பல வருடங்களில் தெரிவதில்லை. சீசன் முடியும் நேரத்தில் அவர்கள் சொல்வதுதான் விலை. விலை தெரியாமல் சரக்கை விற்கும் வியாபாரி வேறெங்காவது உண்டா? 2022-ல் பவுண்டுக்கு ஒரு டாலருக்கு மேல் இருந்த அடிப்படை விலை 2023-ல் 50 சென்ட்! படகுக்காரர்களே கொதித்துப்போய் நக்னெக்கில் படகுகளோடு திரண்டு எதிர்ப்புக் காட்டினார்கள்.

சந்தை ரிஸ்க் எல்லோருக்கும்தானே என்று ஒரு வாதம் வரும். படகுக்காரருக்கு அடுத்த வருடம் இருக்கிறது, முடியாவிட்டால் விற்கப் பெர்மிட் இருக்கிறது. ஆகஸ்டில் ஃபீஸ் கட்ட வேண்டிய பையனுக்கு என்ன இருக்கிறது? பங்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பங்குக்குக் கீழே ஒரு நாள் கூலியை எழுதிக் கொடுக்கட்டும், வலை இறங்கும் முன் விலையைச் சொல்லட்டும். மீன் குறைந்தால் டீசல் செலவைப் பெர்மிட் வைத்திருப்பவர் கணக்கில் எழுதட்டும்.