பறையைக் காப்பதா? இழிவைக் காப்பதா?

நாட்டுப்புறக் கலைகள் அழிகின்றன, அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்னும் கூச்சல் இப்போது எங்கு பார்த்தாலும் பலமாய்க் கேட்கிறது. அவை அழிய வேண்டுமென்ற ஆசை நமக்கும் இல்லை. ஆனால், காப்பாற்ற வருகிறவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். நீங்கள் காப்பாற்றப் போவது கலையையா, அல்லது அதன் தலையில் ஜாதி ஏற்றி வைத்த இழிவையா?

பறையை எடுத்துக் கொள்ளுவோம். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய பொருள்களைக் கூறும்போது தெய்வம், உணவு, மரம் இவற்றோடு பறையையும் சேர்த்தே கூறுகிறது. துடியன், பாணன், பறையன், கடம்பன் என்பவையே குடிகள் என்று புறநானூற்றுப் பாட்டொன்று சொல்லுகிறது. அப்படிப்பட்ட கருவி, பிணத்துக்கு முன்னால் கட்டாயமாய் அடித்தே தீரவேண்டிய கருவியாய் ஆனதேன்? தோலின் தோஷமா? அப்படியானால் மிருதங்கத்துக்கு மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் போர்த்தப்படுகிறதே, அது எப்படி சபாவிலே 'தேவ வாத்தியம்' ஆயிற்று? ஆகவே தீட்டு தோலில் இல்லை. அடிக்கிறவன் ஜாதியிலேதான் வைக்கப்பட்டிருக்கிறது.

இந்த அயோக்கியத்தனத்தை உடைக்கும் வேலையைப் பழமைப் பாதுகாவலர்கள் செய்யவில்லை. இன்றைய கலைஞர்கள்தான் செய்து வருகிறார்கள். 2018 ஜனவரி 6-ந் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில், திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித் முயற்சியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு முதன்முதலாய் மேடையேறிற்று. அந்தப் பெயரே அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட 'ஜாதி பேதமற்ற தமிழர்' என்ற வழக்கிலிருந்து பிறந்தது. அம்மேடையில் கிதாரோடு பறையும் கானாவும் சரியாசனம் பெற்றன. கானா என்பது வடசென்னை உழைப்பாளிகளின் சாவு வீட்டிலே வளர்ந்த பாட்டு. எந்தச் சரித்திரப் புஸ்தகமும் எழுதாத சேரிகளின் கதை அதிலே இருக்கிறது. அதைக் கேட்கத் திரளான வாலிபர்கள் கூடினார்கள் என்றால், அதுவல்லவோ உள்ளூர்ச் சரித்திரத்தைக் காப்பது?

"கிதாரைச் சேர்த்தால் கலை கெட்டுவிடும்" என்கிறார்கள் சில பண்டிதர்கள். வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதானே! அதைக் கர்நாடக சங்கீதத்தில் புகுத்தியவர் பாலுசாமி தீட்சிதர் என்கிறார்களே, அப்போது கெடாத சுத்தம் இப்போது மட்டும் கெட்டுப் போவானேன்? புரிசைத் தெருக்கூத்துக்காரர்கள் கொலம்பியா தேசத்து மார்க்வெஸின் கதையையே கூத்தாக ஆடிக் காட்டினார்கள். கூத்து செத்தா போயிற்று? துரோபதை துகிலையே எத்தனை காலத்துக்கு உரிந்து கொண்டிருப்பது?

இனி, "இழிவுச் சின்னமான பறையை உடைத்தெறிய வேண்டும்" என்கிற நம் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று கிராமங்களிலே மறுத்தவர்கள் மானமுள்ளவர்கள். அவர்கள் செய்தது முற்றிலும் நியாயம். ஆனால் குற்றம் கட்டாயத்தினுடையதே தவிர, கருவியினுடையதல்ல. அலங்காநல்லூர் பறையாசான் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கொடுக்கப்பட்டது. பட்டங்களில் நமக்கு மயக்கமில்லை. என்றாலும், தெருவில் நிறுத்தப்பட்ட கலைக்கு அரசாங்கமே நாற்காலி போட வேண்டி வந்ததே, அதைக் கவனியுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2007-ல் சென்னை சங்கமம் கிராமக் கலைஞர்களைப் பட்டணத்துப் பூங்காக்களுக்கு அழைத்து வந்தது, நல்ல காரியமே. ஆனால் பொங்கலுக்குப் பொங்கல் கை தட்டிவிட்டு, மற்ற நாளெல்லாம் அதே கலைஞனை வாசலுக்கு வெளியே நிறுத்துவதானால், அது கலை வளர்ப்பல்ல, வேடிக்கை பார்ப்பதாகும்.

ஆகவே தோழர்களே! உங்கள் ஊர் ஆசானிடம் உள்ள அடவுகளையும், அவர் அறிந்த ஊர்க் கதைகளையும் எழுதி வையுங்கள். எல்லா ஜாதிப் பிள்ளைகளும், பெண்களும் பறை கற்கட்டும். கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் கூலி பேசி, உட்கார நாற்காலி போட்டு, பந்தியிலே கூட வைத்துச் சாப்பாடு போட்டு அழையுங்கள். கட்டாயமாய் அடிக்கச் சொல்லுகிறவன் முகத்துக்கு நேரே மறுத்துச் சொல்லுங்கள். மானமில்லாமல் காக்கப்படும் கலை கலையாகாது. அது அடிமைத்தனத்தின் மிச்சமேயாகும்.